மெமரி ஃபோம் மெத்தை: அடர்த்தியைச் சொல்ல மறுக்கும் நிறுவனத்தின் பொருளை எப்படி எடைபோடுவது?

வைகைக்கரை:

அனைவருக்கும் வணக்கம். மதுரையில் இருக்கும் என் பெற்றோருக்கு ஒரு மெமரி ஃபோம் மெத்தை வாங்க வேண்டும். இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். அம்மாவுக்கு இடுப்பு வலி உண்டு. ஆகவே ஓரிரு ஆண்டிலேயே நடுவில் குழி விழுந்துவிடாத மெத்தையாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுடைய முதல் தேவை.

இணையவழி விற்கும் நிறுவனம் ஒன்றிடம், மேலடுக்கில் இருக்கும் மெமரி ஃபோமின் அடர்த்தி எவ்வளவு, கீழடுக்கின் அடர்த்தி எவ்வளவு என்று மின்னஞ்சலில் கேட்டேன். அது தங்கள் சொந்தத் தொழில்நுட்பம் என்றும், வெளியிட இயலாது என்றும் பதில் வந்தது. விளம்பரத்தில் 'ஆர்த்தோ', 'கூலிங் ஜெல்', 'அடுத்த தலைமுறை நுரை' என்ற சொற்கள் நிறைய இருக்கின்றன. எண் என்று பார்த்தால் மூன்றுதான் இருக்கின்றன. அளவு 78 × 60 × 6 அங்குலம். மேலே 2 அங்குலம் மெமரி ஃபோம், கீழே 4 அங்குலம் ஹெச்.ஆர். ஃபோம் (அமுக்கி விட்டால் உடனே மீளும் நுரை), அனுப்பும் எடை 16 கிலோ.

இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு தரத்தைப் பற்றி ஏதேனும் முடிவுக்கு வர முடியுமா? இத்துறை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

நுரைப்பட்டறை:

தம்பி, நான் பாலியூரித்தேன் நுரைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வி சரியான இடத்திலிருந்து தொடங்குகிறது.

மெமரி ஃபோம் என்பது பாலியூரித்தேனில் ஒரு வகைதான். 1966இல் அமெரிக்காவின் நாசா எய்ம்ஸ் ஆய்வு மையத்துக்காக, விமான இருக்கைகளில் அதிர்வையும் மோதலையும் தாங்கும் பொருட்டு, சார்லஸ் யோஸ்ட் என்பவர் உருவாக்கியது. 1990களின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஒன்று அதை மெத்தையாக்கிச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பாலியோல், ஐசோசயனேட் என்ற இரு திரவங்களைக் கலக்கும்போது அதில் சேர்க்கப்படும் சிறிதளவு தண்ணீர் ஐசோசயனேட்டோடு வினைபுரிந்து கரியமில வாயுவை வெளிவிடுகிறது. அந்த வாயுதான் கலவையை மாவு பொங்குவது போலப் பொங்கவைக்கிறது. எவ்வளவு அதிகமாகப் பொங்கவைக்கிறோமோ அவ்வளவு குறைந்த மூலப்பொருளில் அதே பருமனுள்ள நுரை கிடைத்துவிடும். அதனால்தான் தொழிலில் இருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் முன்னால் 'எத்தனை டென்சிட்டி?' என்று கேட்பார்கள். 50 டென்சிட்டி என்றால் ஒரு கனமீட்டர் நுரையின் எடை 50 கிலோ. அதிலும் நூற்றுக்கு நான்கு பங்கு அளவுதான் பொருள். மீதி முழுவதும் காற்று. நீங்கள் காசு கொடுத்து வாங்குவது அந்த நான்கு பங்கைத்தான்.

அமெரிக்கப் பக்கங்களில் 3 பவுண்டு, 4 பவுண்டு, 5 பவுண்டு என்று பார்ப்பீர்கள். அவை ஒரு கன அடிக்கான எடை; நம் கணக்கில் முறையே 48, 64, 80 என்று வரும். என் அனுபவத்தில் மெமரி அடுக்கு 50க்குக் கீழே இருந்தால் நாள்தோறும் படுக்கும் மெத்தைக்கு ஆகாது. 60க்கு மேல் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம். அடியில் தாங்கும் அடுக்கு 32க்குக் குறையாமல் இருப்பது நல்லது. 28 வரை பொறுத்துக்கொள்ளலாம். பெரும்பாலான மெத்தைகளில் முதலில் தளர்வது அந்த அடியடுக்குதான். ஆனால் வாங்குபவர்கள் மேலடுக்கைப் பற்றி மட்டுமே விசாரிக்கிறார்கள்.

கடையில் மாதிரித் துண்டு கிடைத்தால் ஓர் எளிய சோதனை உண்டு. பக்கத்துக்கு 10 செ.மீ. உள்ள கனசதுரமாக வெட்டி, சமையலறைத் தராசில் வையுங்கள். அது எத்தனை கிராம் காட்டுகிறதோ அதுவே அதன் அடர்த்தி. 50 கிராம் இருந்தால் 50 டென்சிட்டி. துண்டு 5 செ.மீ. கனமே இருந்தால் வரும் எடையை இரட்டித்துக்கொள்ளுங்கள்.

கையால் அழுத்திப் பார்த்து, தடம் மெதுவாக மறைவதைக் கண்டு 'நல்ல மெமரி ஃபோம்' என்று முடிவு செய்பவர்கள் பலர். மெதுவாக மீள்வது வேதிக்கலவையால் வரும் குணம். 30 டென்சிட்டி நுரையையும் அப்படி மீளச் செய்ய முடியும். கெட்டியாக இருப்பதும் அப்படியே. கெட்டித்தன்மையை ஐ.எஸ்.ஓ. 2439 முறையில், நுரையை அதன் கனத்தில் 40 விழுக்காடு அமுக்க எத்தனை நியூட்டன் விசை வேண்டும் என்று தனியாக அளப்போம். லேசான நுரையும் கெட்டியாக இருக்கலாம்; கனமான நுரையும் மெத்தென்று இருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:

வைகைக்கரை அவர்களே, நீங்கள் கொடுத்த மூன்று எண்களே போதும். இலவம் பஞ்சு மெத்தை தைக்கக் கொடுத்த காலத்தில், போடிப் பஞ்சு இத்தனை கிலோ என்று நம் கண்ணெதிரே நிறுத்துத்தான் உறைக்குள் திணித்தார்கள். நுரை மெத்தை வந்தபின் எடை கேட்கும் பழக்கமே போய்விட்டது. எடையை யாரும் ஒளிக்க முடியாது. கூரியர் நிறுவனத்துக்காவது அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

78 × 60 அங்குலப் பரப்பில் ஓர் அங்குல கனத்துக்கு 0.0767 கனமீட்டர் வரும். ஆகவே 2 அங்குல மெமரி அடுக்கு 0.153 கனமீட்டர், 4 அங்குல அடியடுக்கு 0.307 கனமீட்டர். மொத்த எடையான 16 கிலோவில் உறைக்கும் உள்துணிக்கும் 2 கிலோ கழித்தால் நுரைக்கு 14 கிலோ மிஞ்சுகிறது. 14ஐ 0.46ஆல் வகுத்தால் சராசரி அடர்த்தி ஏறத்தாழ 30.

இனி இரண்டு வழியில் பார்ப்போம். மேலடுக்கு 50 என்று நிறுவனத்துக்குச் சாதகமாக வைத்துக்கொண்டால் அதற்கே 7.7 கிலோ போய்விடும்; மீதமுள்ள 6.3 கிலோவை அடியடுக்குக்குப் பங்கிட்டால் அடர்த்தி 20 அல்லது 21தான் வரும். மாறாக அடியடுக்கு 28 என்று வைத்தால் அதற்கு 8.6 கிலோ; மேலடுக்குக்கு மிஞ்சும் 5.4 கிலோவில் அதன் அடர்த்தி 35. நுரைப்பட்டறை ஐயா சொன்ன இரண்டு வரம்புகளையும் ஒரே நேரத்தில் நிறைவேற்ற இந்த மெத்தையின் எடை இடம் கொடுக்கவில்லை. எந்த அடுக்கு மட்டமானது என்பதை நம்மால் சொல்ல முடியாது. ஏதோ ஒன்று மட்டமானது என்பதைச் சொல்லிவிடலாம்.

அவர் சொன்ன 50உம் 32உம் இருக்கும் மெத்தை இதே அளவில் உறையோடு 19.5 கிலோ இருக்க வேண்டும். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற மெத்தைகளின் பக்கங்களைப் பாருங்கள்.

தாமிரபரணி:

மேலே எழுதியவர்களின் அறிவை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். படுப்பவருக்கு வேண்டியது உறக்கம். கனமீட்டர்க் கணக்கு அவருக்கு எதற்கு? எந்த உணவகமும் தன் மசாலாக் கலவையை வெளியிடுவதில்லை. போட்டி மிகுந்த சந்தையில் ஒரு நிறுவனம் தன் கலவையைக் காப்பது நியாயமே. மேலும் எடைதான் தரம் என்றால், என் உறவினர் வீட்டில் இருவர் சேர்ந்தும் புரட்ட முடியாத ஒரு மெத்தை இருக்கிறது. அதில் ஓர் இரவு படுத்தவர் மறுநாள் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்.

நுரைப்பட்டறை:

ஐயா, உங்கள் கடைசி வரி மிக முக்கியமானது. உறவினர் வீட்டு மெத்தை பெரும்பாலும் ரீபாண்டட் ஆக இருக்கும். நுரை வெட்டும்போது விழும் கழிவுத் துண்டுகளை அரைத்துப் பசை சேர்த்து அழுத்திச் செய்யும் பலகை அது. வெட்டுமுகத்தைப் பார்த்தால் பல வண்ணப் புள்ளிகள் தெரியும். அதன் அடர்த்தி 80, 100 என்று எளிதாகப் போகும். ஆகவே எடை ஒரு பக்கம் மட்டுமே பேசும் சாட்சி. மெத்தை லேசாக இருந்தால் அது மட்டம் என்று உறுதியாகச் சொல்லலாம். கனமாக இருப்பதால் மட்டும் அது உயர்ந்தது என்று சொல்ல முடியாது. 'ஆர்த்தோ' என்று விற்கப்படும் பல மெத்தைகளின் நடுவில் ரீபாண்டட் அடுக்கு இருக்கிறது. அதில் தவறில்லை. கெட்டியான படுக்கை விரும்புபவர்களுக்கு அது பொருந்தும். ஆனால் அதைச் சொல்லி விற்க வேண்டும்.

எடையை ஏமாற்றாகக் கூட்டும் வேறொரு வழியும் தொழிலில் உண்டு. பாலியோலில் கால்சியம் கார்பனேட் தூளைக் கலந்துவிட்டால் தராசில் டென்சிட்டி ஏறும். நுரையின் வலிமை இறங்கும். ஆய்வகத்தில் எரித்து மிஞ்சும் சாம்பலை நிறுத்தால் உண்மை வெளிப்படும். வீட்டில் யாரும் நுரையை எரித்துப் பார்த்துவிட வேண்டாம். பாலியூரித்தேன் எரியும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும், அது உயிருக்கே ஆபத்து. விரல்களுக்கு இடையே துண்டை நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். வெண்தூள் ஒட்டினாலோ நுரை பொடிந்து உதிர்ந்தாலோ அதை ஒதுக்கிவிடுங்கள்.

இந்தக் கலப்படத்தையும் காட்டிக்கொடுக்கும் அளவீடு ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் கம்ப்ரெஷன் செட் என்பார்கள். ஏ.எஸ்.டி.எம். டி3574 தரநிலைப்படி, நுரைத் துண்டைப் பாதி கனத்துக்கோ அதற்கும் கீழாகவோ அமுக்கி, 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 22 மணி நேரம் வைத்துவிட்டு, எடுத்தபின் எவ்வளவு கனம் நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்று அளப்பார்கள். குழி விழுமா என்ற கேள்விக்கு அடர்த்தியைவிட நேரான விடை இதுதான். நம் நாட்டில் வீட்டு மெத்தைக்கான பாலியூரித்தேன் நுரைக்கு ஐ.எஸ். 7933 என்று ஒரு தரநிலையே இருக்கிறது. ஒழுங்காக நடக்கும் எந்தத் தொழிற்சாலையிலும் வார்ப்புவாரியாக இந்த அளவீடுகள் குறித்து வைக்கப்பட்டிருக்கும்.

கலவை ரகசியம் என்பதை நானும் ஏற்கிறேன். எந்தப் பாலியோல், எந்த வினையூக்கி, எத்தனை பங்கு என்பவை ரகசியமாக இருக்கட்டும். ஆனால் அடர்த்தி என்பது கலவை அன்று. முடிந்த பொருளின் எடைதான். ஒரு மெத்தையை வாங்கி வெட்டிப் பார்க்கும் எந்தப் போட்டியாளருக்கும் அது அன்று மாலையே தெரிந்துவிடும். தெரியாமல் இருப்பவர் வாடிக்கையாளர் மட்டுமே.

கோத்தகிரி வாசகி:

நுரையின் வெப்ப குணத்தை இங்கு யாரும் இன்னும் தொடவில்லை. மெமரி ஃபோம் குளிரில் இறுகும், சூட்டில் இளகும். எங்கள் ஊரில் மார்கழி இரவில் படுத்தவுடன் அது பலகை போல இருக்கும். உடல் சூடு இறங்கிய பிறகுதான் இளகத் தொடங்கும். மதுரையில் சித்திரை மாதத்தில் இதற்கு நேர்மாறாக நடக்கும். குளிரூட்டப்பட்ட காட்சியறையில் படுத்துப் பார்த்து 'அளவான கெட்டி' என்று தேர்ந்தெடுத்த மெத்தை, மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் உடலை உள்ளே இழுத்துக்கொள்ளும். இடுப்பு வலி இருப்பவர்களுக்கு அப்படி அமிழ்ந்த நிலையில் புரண்டு படுப்பதும் எழுவதும் வேதனை. பெற்றோர் உறங்கும் அறையில் குளிர்சாதனம் இருக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகு மெமரி அடுக்கின் கனத்தை முடிவு செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள். இல்லையென்றால் 1 அங்குலமே போதும்.

'கூலிங் ஜெல்' பற்றியும் ஒரு சொல். ஜெல் படுத்தவுடன் கொஞ்சம் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்; அது உடலின் சூட்டுக்கு வந்துவிட்டபின் அதற்கு வேலையில்லை. இரவு முழுவதும் வெப்பத்தை வெளியேற்றுவது நுரையின் திறந்த கண்ணறைகளும் உறைத்துணியும்தான்.

மலைக்கோட்டை:

எங்கள் வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் கேட்கிறேன். புதிதாகப் பிரித்த மெத்தையிலிருந்து ஒரு வாடை வருகிறது. அது மட்டமான நுரையின் அறிகுறியா? செர்ட்டிபூர்-யூ.எஸ்., ஓயெகோ-டெக்ஸ் ஆகிய முத்திரைகள் இருந்தால் தரமானது என்று நம்பலாமா?

நுரைப்பட்டறை:

அம்மா, சுருட்டிக் காற்றை உறிஞ்சி அடைத்த எந்த நுரையிலும் தொடக்கத்தில் வாடை இருக்கும். சன்னல் திறந்த அறையில் சில நாள் வைத்தால் அது போய்விட வேண்டும். வாரக்கணக்கில் போகவில்லையென்றால் திருப்பிக் கொடுங்கள். செர்ட்டிபூர்-யூ.எஸ். முத்திரை, ஆவியாகும் சேர்மங்கள் குறிப்பிட்ட வரம்புக்குள் இருக்கின்றன, ஃபார்மால்டிஹைடு, ஈயம், பாதரசம், தடைசெய்யப்பட்ட சில தீத்தடுப்பான்கள் ஆகியவை இல்லாமல் தயாரிக்கப்பட்டது என்று சொல்கிறது. ஓயெகோ-டெக்ஸ் 100 தீங்கான பொருள்களுக்கான சோதனை. பல நேரங்களில் அது உறைத்துணிக்கு மட்டும் பெறப்பட்டிருக்கும் என்பதால் சான்றிதழில் எந்தப் பகுதி குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று படியுங்கள். குழந்தை உள்ள வீட்டுக்கு இவை அவசியம். ஆனால் முத்திரை பெற்ற நுரையின் அடர்த்தி எவ்வளவு என்பதை இவற்றிலிருந்து அறிய முடியாது. இன்னொன்று: கைக்குழந்தையை மெமரி ஃபோமில் படுக்க வைக்காதீர்கள். அமிழும் பரப்பில் குப்புறத் திரும்பிவிட்டால் மூச்சு முட்டும். குழந்தைக்குக் கெட்டியான, சமதளமான படுக்கைதான் வேண்டும்.

நுகர்வோர் பக்கம்:

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(9), பொருளின் தரம், அளவு, ஆற்றல், தூய்மை, தரநிலை, விலை ஆகியவற்றைப் பற்றி அறிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமை என்று கூறுகிறது. எனவே அடர்த்தி என்ன என்று கேட்பவர் சலுகை கேட்கவில்லை. தொலைபேசியில் கேட்காமல் மின்னஞ்சலில் கேளுங்கள். எழுத்தில் வந்த எண் பின்னாளில் பொய்யென்று தெரிந்தால் அதுவே சான்றாகும். பதில் வராவிட்டாலோ, மழுப்பினாலோ 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம்.

உத்தரவாத அட்டையை வாங்கும் முன்பே படியுங்கள். பத்து ஆண்டு என்ற பெரிய எழுத்துக்குக் கீழே, படுப்பவர் இல்லாத நிலையில் இத்தனை அங்குலத்துக்கு மேல் குழி தெரிந்தால் மட்டுமே மாற்றித் தருவோம் என்று சிறிய எழுத்தில் இருக்கும். நுரையின் இயல்பான தளர்ச்சி உத்தரவாதத்தில் சேராது என்றும் எழுதியிருப்பார்கள். மெமரி ஃபோம் கெட்டுப்போகும் விதமே அந்தத் தளர்ச்சிதான். ஆள் இல்லாதபோது மேற்பரப்பு சமமாகத் தெரியும். படுத்தால் இடுப்பு இறங்கிவிடும். அந்தக் குறைக்கு அட்டையில் இடமே இல்லாதபோது பத்து ஆண்டு என்ற எண்ணைத் தரத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒப்பிடத்தக்க இரண்டு மெத்தைகளில் ஒன்று 1 அங்குலக் குழிக்கே மாற்றித் தருவதாகவும் மற்றொன்று 1.5 அங்குலம் என்றும் சொன்னால், முதலாவது நிறுவனத்துக்குத் தன் நுரை மேல் நம்பிக்கை அதிகம் என்று கொள்ளலாம்.

வைகைக்கரை:

அனைவருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை அவர்களின் கணக்கை அப்படியே எழுதி அந்த நிறுவனத்துக்கு மீண்டும் மின்னஞ்சல் அனுப்பினேன். இம்முறை, அடியடுக்கின் அடர்த்தி 32 என்றும், மெமரி அடுக்கின் விவரத்தை மட்டும் வெளியிட இயலாது என்றும் பதில் வந்திருக்கிறது. வேறொரு நிறுவனம் கேட்டவுடனேயே மெமரி 50, அடியடுக்கு 32, மொத்த எடை 20 கிலோ என்று எழுதிக் கொடுத்தது. விலை சற்று அதிகம். பெற்றோர் அறையில் குளிர்சாதனம் இல்லை. முதல் நிறுவனம் பாதி விவரமாவது சொல்லிவிட்டதால் அதை நம்பலாமா?

கணக்குப்பிள்ளை:

அந்தப் பாதி விவரமே மீதியைச் சொல்லிவிடுகிறது. அடியடுக்கு 32 என்றால் அதற்கு 9.8 கிலோ. 14 கிலோவில் மிஞ்சுவது 4.2 கிலோ. அதை 0.153ஆல் வகுத்தால் மெமரி அடுக்கின் அடர்த்தி 27 என்று வருகிறது. மெமரி அடுக்கு உண்மையில் 1 அங்குலமே இருந்து, அடியடுக்கு 5 அங்குலமாக இருந்தாலும் கணக்கு இன்னும் மோசமாகிறது. அப்போது 23தான் மிஞ்சும். உறையின் எடையை 1 கிலோவாகக் குறைத்துக்கொண்டு பார்த்தாலும் 2 அங்குல அடுக்குக்கு 34ஐத் தாண்டவில்லை. இரண்டாவது நிறுவனத்தின் மூன்று எண்களும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன: நுரைக்கு 17.5 கிலோ, உறைக்கு 2 கிலோ, ஆக 19.5.

நுரைப்பட்டறை:

27 டென்சிட்டியில் மெமரி ஃபோம் என்று நான் தொழிற்சாலையில் எதற்கும் ஒப்புதல் கொடுத்ததில்லை. ஒன்று அந்த 32 உண்மையில்லை, அல்லது மேலடுக்கு காசுக்கு ஆகாதது. எதுவாக இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது நிறுவனத்தில் மெமரி 1 அங்குலமும் அடியடுக்கு 5 அங்குலமும் உள்ள வகை இருக்கிறதா என்று கேளுங்கள்; கோத்தகிரி அம்மா சொன்ன காரணத்தால் உங்கள் அம்மாவுக்கு அதுவே ஏற்றது. இதே அடர்த்திகளில் அது உறையோடு 18 கிலோ வர வேண்டும். மெத்தை வந்தவுடன் பெட்டியோடு நிறுத்து, பிறகு காலிப் பெட்டியை நிறுத்துக் கழித்துக்கொள்ளுங்கள். சுருட்டிய நுரை முழுமையாக விரிய மூன்று நாள் வரை ஆகலாம், ஆனால் எடை மாறாது. விரிந்தபின் நாற்புறமும் கனத்தை அளவுநாடாவால் பாருங்கள். 6 அங்குலம் என்று எழுதிவிட்டு 5.5 கொடுப்பவர்களும் உண்டு. உறையில் ஜிப் இருந்தால் திறந்து ஒவ்வோர் அடுக்கின் கனத்தையும் அளந்து, படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இவை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். அந்தக் கெடு ஓடும் நாள்களில் உங்கள் அப்பாவும் அம்மாவும் தினமும் அதிலேயே படுக்கட்டும். விருந்தினருக்கென்று எடுத்து வைத்துவிடாதீர்கள்.